ஆறாம் நாள் எடை

எலி ஒருநாளும் நேற்றைய எடையில் இருக்காது. இருபத்தாறு வருஷம் எலிகளோடு குப்பை கொட்டியவள் சொல்கிறேன், நம்பலாம். தின்றால் இரண்டு கிராம் ஏறும், பயந்தால் ஒரு கிராம் இறங்கும், ஒன்றுமே செய்யாமல் மூலையில் சுருண்டு கிடந்தாலும் ஏதோ கொஞ்சம் எங்கோ போய்விடும். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், பழைய சோதனையின் பதிவில் ஐந்தாம் நாள் எடையும் ஆறாம் நாள் எடையும் இருபத்து நாலு எலிக்கும் ஒரு கிராம் பிசகாமல் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பசி அடங்கிப்போயிற்று. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

என் பெயர் பியூலா. திருச்சிக்கு வெளியே ஒரு மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பான கால்நடை மருத்துவர். எலிக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்று என் அண்ணன் கேலி செய்வான். வைத்தியமா பார்க்கிறேன்? நன்றாக இருக்கும் எலிக்கு ஊசி போட்டு நோய் வரவைப்பேன். பிறகு இன்னொரு ஊசி போட்டு அது பிழைக்கிறதா என்று பார்ப்பேன். பிழைத்தாலும் கடைசியில் அறுத்துத்தான் பார்க்க வேண்டும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை.

இந்த வேலையில் எனக்கிருந்த ஒரே ஆறுதல் ஒருமுறைச் சட்டம். அது வந்து ஏழு வருஷம் ஆகிறது. எந்தச் சோதனையையும் விலங்குகளின் மேல் ஒரே ஒரு முறைதான் செய்யலாம். அந்தப் பதிவைக் கணினி வாங்கிக்கொண்டு பத்தாயிரம் நிழல் எலிகளை உருவாக்கும். உயிரில்லாத, கணக்கில் மட்டும் ஓடுகிற எலிகள். அடுத்த எல்லாச் சோதனையும் அந்த நிழல்களின் மேல்தான். நிழல்கள் பிழைத்தால் நேரே மனிதர்கள். இந்தச் சட்டத்துக்காக டெல்லி வரை போய்ச் சாட்சி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. வருஷத்துக்கு நாலாயிரம் எலிகள் சாகிற இடத்தில் இருநூறு செத்தால் போதும் என்று ஆன நாளில் வீட்டுக்குப் போய் அழுதேன், சந்தோஷத்தில்.

எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டர் அறவாழி. அவர் உருவாக்கிய புரதம் கணைய அழற்சிக்கானது. அதை அவர் விளக்குவதைக் கேட்க வேண்டும். விலங்குக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் மருதையன், முதல் ஊசி போடப்பட்ட அன்று, இது என்னத்துக்கு சார் என்று கேட்டார். அறவாழி மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு நின்று பதில் சொன்னார்.

"கணையம் ஒரு அடுப்பு மாதிரின்னு வச்சுக்குங்க மருதை. நாம சாப்பிடறத வேகவைக்கற சாறு அதுல ஊறுது. இந்த நோய்ல அடுப்பு தன்னையே எரிச்சுக்குது. எரியற அடுப்ப யாராலயும் பூசி மொழுக முடியாதில்ல? இந்தப் புரதம் முதல்ல அடுப்ப அணைக்கும். அணைஞ்ச பிறகு உடம்பு தானா ஓட்டைய அடைச்சுக்கும்."

"அப்புறம் யாரு சார் பத்தவைப்பா?"

"அதுவா பத்திக்கும்."

பத்திக்கொண்டது. பத்து நாள் ஊசி முடிந்து, இருபதாம் நாள் அறுத்துப் பார்த்தபோது இருபத்து நாலு எலிகளின் கணையமும் ஆறி, சாறு சுரந்துகொண்டிருந்தது. அறவாழி மருதையனைக் கட்டிப்பிடித்தார். எங்கள் நிலையத்தில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி நடந்ததில்லை.

மருதையன் எனக்கு ஐந்து வயது மூத்தவர். பெரம்பலூர்ப் பக்கம். எலியைக் கையில் எடுத்தால் அது கத்தாது, அப்படி ஒரு கை. அவருடைய மகள் மிதுனாவுக்கும் அதே நோய் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருபத்து மூன்று வயது. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள், வலி வந்து வந்து வேலையை விட்டுவிட்டாள். மூன்று வருஷமாகக் கஞ்சிதான். அதையும் பயந்து பயந்து குடிப்பாள், ஏனென்றால் ஒவ்வொரு மடக்குக்கும் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்க வேண்டியிருந்தது. மனிதர்களுக்கான சோதனைக்கு ஆள் எடுக்கத் தொடங்கியதும் மருதையன் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"எலிங்க பொழச்சத எங்கண்ணால பாத்தேன் டாக்டரம்மா. மொத ஆளா எம்மகள சேத்துவிடுங்க."

சிபாரிசு செய்தேன். முதல் பெயராக எழுத வைத்தேன். ஆறு பேர், பாதுகாப்புக்காக இரண்டு நாள் இடைவெளியில் ஒவ்வொருவராகத் தொடங்குவது, தினமும் காலையில் ஒரு ஊசி, மொத்தம் இருபத்தொரு நாள் என்று நிழல் எலிகளை வைத்துக் கணினி முடிவு செய்திருந்தது. நாலாம் நாள் மிதுனாவுக்கு வலி நின்றது. எட்டாம் நாள் சாம்பார் சாதமும் அப்பளமும் சாப்பிட்டாள். அப்பளம் நொறுங்குகிற சத்தத்தை மருதையன் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

பன்னிரண்டாம் ஊசி போட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அறிக்கை வந்தது. மிதுனாவின் ரத்தத்தில் கணைய நொதி பூஜ்யம். அடுப்பு முழுசாக அணைந்துவிட்டது என்று அறவாழி இனிப்பு வாங்கி வரச் சொன்னார். எனக்கு மட்டும் உறுத்தியது. எங்கள் எலிகள் ஒன்றுக்கும் பூஜ்யம் வந்ததேயில்லை. அதைச் சரிபார்க்கத்தான் பழைய பதிவைத் திறந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்த ரத்தத்தில் ஐந்தாம் நாள் வரை நொதி இறங்கிக்கொண்டே வந்து, ஏழாம் நாள் காலையில் லேசாக ஏறியிருந்தது. அந்த ஏற்றத்தைக் கணினி அளவுப் பிழை என்று ஒதுக்கிவிட்டிருந்தது. ஏழாம் நாள் ஏன் ஏற வேண்டும் என்று ஆறாம் நாளைப் பார்த்தேன். எடைகள் அப்படியே நகல். கீழே என் கையெழுத்து.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அன்று ஆயுத பூஜை.

அறவாழி வீட்டில் மூன்று தலைமுறையாகச் சாமி படம் கிடையாது. அதற்கு முந்தைய வருஷம் யாரோ நுண்ணோக்கிக்குச் சந்தனம் பூசி, அது லென்ஸுக்குள் போய் ஒரு மாதம் வேலை நின்றது. இனி இந்தக் கட்டடத்தில் பூஜை என்று எதுவும் நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சுற்றறிக்கையே போட்டார். அதனால் மருதையன் உமி மூட்டைகள் அடுக்கியிருக்கும் பின்னறையில், ஒரு ஸ்டூலின் மேல் வாழையிலை விரித்து ரகசியமாகப் பூஜை போட்டார். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கும் பூஜைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பொரியும் கடலையும் யார் கொடுத்தாலும் பிடிக்கும். பதினொரு மணிக்குப் போய் இரண்டு கை அள்ளித் தின்றுவிட்டு, அறவாழி கண்ணில் படாமல் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அந்த இலையில் என்னென்ன இருந்தன என்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கூண்டு கழுவும் பிரஷ், கத்தரிக்கோல், ஊசித் தட்டு, தராசு. தராசின் தட்டில் குங்குமப் பொட்டு.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொட மாட்டார்கள். இது தமிழ்நாட்டில் லாரி பட்டறை வரைக்கும் தெரிந்த விஷயம். தராசைத் தொடாமல் எடை போட முடியாது. ஊசியைத் தொடாமல் மருந்து போட முடியாது. இதை யோசிக்க விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. நான் யோசிக்கவில்லை. சாயங்காலம் பதிவேடு வந்தது, பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டேன்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். எலிகளுக்கு நடுவில் ஒரு நாள் மருந்து இல்லை. அந்த ஒரு நாளில்தான் அடுப்பு கொஞ்சம் கனன்று, மறுபடி பற்றிக்கொள்ளும் வழியைத் தெரிந்துகொண்டது. ஆனால் பதிவேடு பத்து நாளும் மருந்து போட்டதாகச் சொன்னது. கணினி பதிவேட்டை நம்பியது. இருபத்து நாலு எலிகளுக்கு ஒரு நாள் லீவு கிடைத்த விஷயம் பத்தாயிரம் நிழல்களில் ஒன்றுக்கும் தெரியாது. முன்பெல்லாம் இன்னொரு ஊரில், இன்னொருவர், இன்னொரு கூட்டம் எலிகளை வைத்து மறுபடி செய்து பார்த்திருப்பார்கள். தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும். அதைத்தான் நாங்கள் சட்டம் போட்டு நிறுத்தியிருந்தோமே.

அந்த நிமிஷமே எழுந்து அறவாழியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை நிழல் எலிகளைக் கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று எனக்கு நானே வேலை கொடுத்துக்கொண்டேன். பொய்ப் பதிவில் பிறந்த நிழல்களிடம் போய் உண்மை கேட்கிற அளவுக்கு மூளை வேலை செய்தது. வியாழக்கிழமை, ஒரு பொய்க் கையெழுத்தால் என் சட்டமே போய்விடுமே, மறுபடி ஆயிரக்கணக்கில் எலிகள் வந்து இறங்குமே என்று கவலைப்பட்டேன். அது நல்ல கவலை மாதிரி இருந்ததால் அதற்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்ள முடிந்தது. உள்ளுக்குள் இருந்ததைச் சொல்கிறேன்: பயம். ஓய்வு பெற ஆறு வருஷம் இருக்கும்போது என் கையெழுத்தை என் கையாலேயே காட்டிக்கொடுக்கும் பயம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிதுனா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, ஆன்ட்டி, மூணு வருஷத்து சோத்தையும் சேத்து சாப்பிடறேன், கண்ணு வைக்காதீங்க என்றாள். கன்னம் ஒட்டியிருந்தது. தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். அவ்வளவு சாப்பிட்டும் பத்து நாளில் மூன்று கிலோ குறைந்திருந்தாள். நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு மலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். எண்ணெயாகப் போகிறது, மிதக்கிறது, டாக்டரிடம் சொன்னதற்கு மருந்து நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார் என்றாள். தின்பது எதுவும் செரிக்கவில்லை. வெறும் வாயின் சந்தோஷம் அது.

பதினைந்தாம் ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டு இன்னொரு நர்ஸ் வந்தாள். நான் வரும்வரை போடாதே என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மருதையன் கூண்டுகளுக்கு உமி மாற்றிக்கொண்டிருந்தார். நேரே கேட்டேன்.

"மருதைண்ணே, ஆயுத பூஜை அன்னிக்கு எலிக்கு ஊசி போட்டீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா."

ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை. முகத்தில் ஆச்சரியமும் இல்லை. அன்றைய மருந்தைக் குப்பிக் கணக்கு உதைக்காமல் இருக்கத் தொட்டியில் ஊற்றிவிட்டதாகவும், எடையை முந்தின நாள் பார்த்து எழுதியதாகவும், ஒரு நாள்தானே, பாவம் வாயில்லாத ஜீவன், அதுகளுக்கும் லீவு கிடைக்கட்டும் என்று நினைத்ததாகவும் அவராகவே சொன்னார். கையிலிருந்த உமியைத் தட்டிவிட்டு, வாங்க சார்கிட்ட போவோம் என்று எனக்கு முன்னால் நடந்தார்.

அறவாழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாதி கேட்கும்போதே போனை எடுத்து ஆறு பேருக்கும் ஊசியை நிறுத்தச் சொன்னார். போனை வைத்துவிட்டு மருதையன் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மருதை."

"பூஜை போட்டா வீட்டுக்கு அனுப்பிருவேன்னீங்க சார். எம்மக மருந்துக்கு இந்த வேலைதான் இருந்துச்சு."

அறவாழி அதற்குத் தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்து, மேடம், இது உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான்," என்றேன்.

மருதையன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். விரலில் ஒட்டியிருந்த உமியைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்.

அணைந்த அடுப்பு பற்றும்போது சும்மா பற்றாது. ஆறு பேருக்கும் வலி வரும், அந்த வலிதான் நல்ல அறிகுறி என்று டாக்டர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார்கள், எங்களுக்கு உயிர் வந்தது. மிதுனாவுக்கு மட்டும் வலி வரவில்லை. ஞாயிறும் வரவில்லை, திங்களும் வரவில்லை. மருதையன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்குதா பாப்பா, வலிக்குதா பாப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகளுக்கு வலி வர வேண்டும் என்று ஒரு தகப்பன் காத்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

மிதுனா உயிரோடு இருக்கிறாள். அவள் கணையம்தான் எழவில்லை, இனி எழாது. சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் மாத்திரை, சர்க்கரைக்கு ஊசி, ஆயுசு முழுக்க.

விசாரணைக் குழு நியாயமாகத்தான் நடந்துகொண்டது. தவறு ஆயுத பூஜை அன்று மருதையனால் நடந்தது, வெள்ளிக்கிழமை டாக்டர் பியூலாவால் கண்டறியப்பட்டது, உடனடி நடவடிக்கையால் ஐவர் காப்பாற்றப்பட்டனர் என்று எழுதினார்கள். எனக்குப் பாராட்டு. மருதையனுக்கு மூன்று மாதம் தற்காலிக நீக்கம். அறவாழி தன் சுற்றறிக்கையையும் விசாரணையில் சேர்க்கச் சொல்லி வாதாடியதால்தான் அவரை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். ஒருமுறைச் சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். இருநூற்று நாற்பது புது எலிகள் வந்து இறங்கின. ஆறாம் நாள் மருந்து கிடையாது என்று இப்போது திட்டத்திலேயே அச்சடித்திருக்கிறது.

அறிக்கையைப் பல தடவை படித்துவிட்டேன். அதில் ஒரு அட்டவணை இருக்கிறது, யாருக்கு எத்தனை ஊசி போனது என்று. இரண்டாவது ஆள் துவரங்குறிச்சிக்காரர், மிதுனாவுக்கு இரண்டு நாள் பின்னால் தொடங்கியவர். அவருக்குப் பன்னிரண்டு ஊசி போயிருந்தது, கணையம் எழுந்துகொண்டது. மிதுனாவுக்குப் பதினாலு. செவ்வாய்க்கிழமை நான் டப்பாவைத் திறக்காமல் விட்டபோது அவளுக்கும் பன்னிரண்டுதான்.

நேற்று இதை மருதையனிடம் சொல்லிவிட்டேன். முற்பகல் எடை போடும் நேரம். அவர் எலியைத் தராசில் வைத்துச் சொல்ல, நான் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எடை எழுத இரண்டு பேர் வேண்டும் என்று விதி. முன்னுரை எதுவும் வரவில்லை எனக்கு. வெள்ளிக்கிழமை இல்லை மருதைண்ணே, செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும், மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் திட்டுவார், கையிலிருப்பதை வீசுவார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"தெரியும் டாக்டரம்மா," என்றார்.

தராசில் எலி மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் அதன் முதுகைத் தடவினார்.

"அன்னிக்கு மத்தியானம் தண்ணி பாட்டில் எடுக்க உங்க ரூமுக்கு வந்தேன். நீங்க இல்ல. அஞ்சாம் நாளும் ஆறாம் நாளும் பக்கத்துல பக்கத்துல தொறந்திருந்துச்சு. சாப்பாட்டு டப்பா மூடியே கெடந்துச்சு. புடிச்சிட்டாங்கன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

அப்படியானால் நீங்கள் ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

"சொன்னா ஊசிய நிறுத்திருவாங்கன்னு தெரியும். சொல்லிரணும்னுதான் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன், மொதல்ல அவகிட்ட சொல்லிட்டு அப்புறம் சார்கிட்டன்னு. ரெண்டாவது தடவ சோறு கேட்டு வாங்கித் தின்னுக்கிட்டிருந்தா. மூணு வருசம் கழிச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன்."

பிறகு அவர் எலியைத் தூக்கிக் கூண்டில் விட்டார். அடுத்ததை எடுத்துத் தட்டில் வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருநூத்திப் பதினெட்டு," என்றார். "நேத்து இருநூத்திப் பத்தொம்பது."

நான் எழுதிக்கொண்டேன்.